ஐம்பத்தெட்டு விநாடி

குழந்தை போன ஐந்தாவது வாரத்தில் நான் கல்லூரிக்குத் திரும்பிப் போனேன். மகப்பேறு விடுப்பாக ஆறு மாதம் எழுதிக் கொடுத்திருந்தேன். பிரசவம் முடிந்தும் கையில் குழந்தை இல்லை என்றான பிறகு அந்த விடுப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அங்கிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "மேடம், உங்க லீவு மெட்டர்னிட்டிலயே இருக்கட்டுமா, மெடிக்கல் லீவா மாத்திடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் குளித்து, சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

என்னைக் கவனித்துக்கொள்ள நகரியிலிருந்து வந்திருந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குமா இப்ப போற? இன்னும் பச்ச ஒடம்பு."

"ஊட்ல உக்காந்துகினு இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. துன்னுட்டுப் படு."

ஐந்து வாரமாக அதைத்தான் செய்திருந்தேன். செருப்பை மாட்டினேன். அவள் டிபன் டப்பாவை எடுத்து வந்து என் பையில் வைத்தாள். அதற்கு மேல் தடுக்கவில்லை.

கல்லூரி, திருப்பதியிலிருந்து சந்திரகிரியைத் தாண்டிச் சித்தூர் போகிற சாலையில் இருக்கிறது. பதினோரு வருடமாக அங்கே சிவில் பிரிவில் வேலை பார்க்கிறேன். தரைத்தளத்தின் கடைசியில் இருக்கும் ஹைட்ராலிக்ஸ் லேப் என் பொறுப்பு. நீண்ட அறை. சுவர் ஓரமாகத் தொட்டிகள், குழாய்கள், ஒரு மோட்டார். தரையில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பாசி வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து வரும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும் என்று முன்பெல்லாம் சொல்வேன். அன்றைக்குக் கதவைத் திறந்தபோது மூக்கில் ஏறியது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். இன்னொருத்தி தன் மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த மகனின் படத்தின் மேல் ஒரு நோட்டைச் சும்மா வைப்பதுபோல் வைத்தாள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அன்று முழுவதும் அந்த நோட்டு அங்கேயே கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் முகம் மாறியது. மதியத்துக்கு மேல் என் நாற்காலியை விட்டுவிட்டு லேபிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

லேப் அட்டெண்டர் ஐம்பதைத் தாண்டியவர், சத்தியவேடு பக்கத்துக்காரர். எனக்கும் முன்னால் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர். துறையில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்து ஜன்னல் பக்கம் போட்டார்.

"மோட்டார் புதுசா வைண்டிங் பண்ணிக்கினு வந்தேன் மேடம். இப்ப சத்தம் கம்மி" என்றார்.

நான் தலையாட்டினேன்.

குழந்தை எப்படிப் போனது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதம் முடியும் நேரம். ஒரு திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தோம். "துடிப்பு நல்லா இருக்கு. கொழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணிதான் கொஞ்சம் கம்மி. நிறைய தண்ணி குடிங்க. வியாழக்கிழமை வாங்க, மறுபடி பார்த்துடலாம்" என்றார் டாக்டர். அந்தத் தண்ணீரைச் சென்டிமீட்டரில்தான் சொல்கிறார்கள். தண்ணீரைச் சென்டிமீட்டரில் அளப்பது என் தொழில் என்பதால் அந்த எண்ணைக் கேட்டு நான் பயப்படவில்லை. எல்லை தாண்டவில்லை, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த வியாழனும் வெள்ளியும் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார். லேப் என் பொறுப்பு. இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை போனபோது டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார், நகர்த்தினார், மறுபடி தேடினார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலையே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தேன். தலை நிறைய முடி. என் கணவரும் அவர் அண்ணனும் வாங்கிக்கொண்டு போய்ச் சொர்ணமுகி ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்ற தகவல் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. அம்மா மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து, பால் வற்றுவதற்காக மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். மாத்திரையும் கொடுத்தார்கள். வாடின பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப்பூ வைப்பாள். வீடு முழுக்க மல்லிகை மணந்தது. அடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். நான் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

கல்லூரிக்குத் திரும்பிய வாரத்தில் புதுப் பிள்ளைகளுக்கு முதல் சோதனை ஆரிஃபிஸ். உயரமான ஒரு தொட்டியில் தண்ணீர் நிற்கும். அதன் பக்கச் சுவரில் பித்தளைத் தகடு, தகட்டில் வட்டமாக ஒரு துளை. அதுதான் ஆரிஃபிஸ். துளையின் நடுவிலிருந்து மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குழாயையும் ஸ்கேலையும் வைத்துப் படிக்க வேண்டும். துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும் தண்ணீர் கீழே ஒரு சதுரத் தொட்டியில் விழும். அதில் மட்டம் பத்து சென்டிமீட்டர் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். கணக்குப்படி வர வேண்டிய தண்ணீர் ஒன்று. உண்மையில் வருவது அதைவிடக் குறைவு, ஏனென்றால் துளையைத் தாண்டியதும் தண்ணீர் சுருங்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை சி.டி. என்போம். அது 0.62 அளவில் வரும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது.

எங்கள் லேபிலும் அது எப்போதும் 0.62 தான். பதினோரு வருடமும் 0.62. சீனியர்களின் ரெக்கார்டு ஜூனியர்களுக்குப் போகும். இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுபத்தைந்து விநாடி என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளைகள் வாட்சை அழுத்துவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அறுபத்தைந்து என்று எழுதுவார்கள். சில சமயம் அறுபத்து நான்கு. நான் கையெழுத்துப் போடுவேன். பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லா லேபிலும் அப்படித்தான். அதில் தவறு இருப்பதாக நான் நினைத்ததில்லை.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் எனக்கு வகுப்பு இல்லை. ஸ்டாஃப் ரூமுக்குப் போகவும் முடியவில்லை. லேபில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது எட்டிப் பார்த்து, "ஏன் தனியா இருக்கீங்க?" என்று கேட்பார்கள். வேலையாக இருப்பதுபோல் இருக்கலாம் என்று மோட்டாரைப் போட்டேன். தண்ணீரை இருபது சென்டிமீட்டரில் நிறுத்தினேன். கீழ்த்தொட்டியின் வால்வை மூடிவிட்டு வாட்சை அழுத்தினேன்.

ஐம்பத்தெட்டு விநாடி.

தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மூன்றாம் தடவையும் அதே எண். கணக்குப் போட்டால் சி.டி. 0.69 வந்தது. அப்படி வரக்கூடாது. ஆனால் எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை, கவலையாகவும் இல்லை. கை வாட்சை அழுத்தியது, கண் ஸ்கேலைப் பார்த்தது. தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அது போதும் என்று இருந்தது. மணி ஐந்து ஆகும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன்.

மறுநாளும் போனேன். உயரத்தை மாற்றிப் பார்த்தேன். நாற்பது சென்டிமீட்டரில் 0.66. அறுபதில் 0.64. தண்ணீர் உயர உயரத் தவறு குறைந்துகொண்டே வந்தது. அட்டெண்டர் மோட்டார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவராகவே ஒரு நோட்டை எடுத்து வந்து நான் சொல்கிற எண்களை எழுத ஆரம்பித்தார்.

"இன்னா மேடம் பாக்கறீங்க, ரெண்டு நாளா?"

"சி.டி. ஜாஸ்தியா வருது அண்ணா."

"பசங்களுக்குக் கரெக்டாத்தானே வருது?"

"பசங்க பாத்து எழுதறதில்ல."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கீழ்த்தொட்டியை முதலில் சந்தேகப்பட்டேன். உள்ளே இறங்கி டேப் வைத்து நீள அகலம் அளந்தோம். சரியாக இருந்தது. துளையின் விட்டத்தை வெர்னியரில் அளந்தோம். அதுவும் சரி. வால்வு கசிகிறதா என்று கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. தொட்டியில் தவறு இருந்தாலும் துளையில் தவறு இருந்தாலும் எல்லா உயரத்திலும் ஒரே அளவுதான் பிசக வேண்டும். குறைந்த உயரத்தில் அதிகமாகவும் அதிக உயரத்தில் குறைவாகவும் பிசகினால், உயரத்தைப் படிப்பதிலேயே ஒரு நிலையான தவறு இருக்கிறது என்று அர்த்தம். உயரத்தை மாற்றிப் பார்த்த அன்றே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூளை அவ்வளவு மெதுவாக இருந்தது. சனிக்கிழமை காலையில்தான் மட்டக் குழாயை எடுத்துவரச் சொன்னேன். கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், அது. ஒரு முனையை அட்டெண்டர் துளையின் நடுவில் பிடித்தார். மறுமுனையை நான் ஸ்கேல் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் ஆடி நின்றது.

ஸ்கேலின் பூஜ்யம் துளையின் நடுவுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. நாங்கள் இருபது என்று படித்தபோதெல்லாம் உண்மையில் இருபத்தைந்து.

அட்டெண்டர் குழாயைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், அந்தக் கண்ணாடிக் குழா ஒடஞ்சிச்சே, மூணு வருசம் முன்னாடி. ஞாபகம் கீதுங்களா?"

"இருக்கு."

"புதுக் குழா நாந்தான் மாட்டனேன். கிளாம்பு பழைய எடத்துல ஒக்காரல. கொஞ்சம் மேல ஏத்தி மாட்டனேன். ஸ்கேல அது மேல வச்சி ஸ்க்ரூ போட்டுட்டேன். பாத்துத்தான் வச்சேன், ஆனா அளக்கல." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எம்மேல போட்றாதீங்க மேடம். இன்னும் நாலு வருசம் சர்வீஸ் கீது" என்றார்.

"உங்க மேல எதுக்குப் போடணும்? மூணு வருசமா கையெழுத்துப் போட்டது நான்."

அதைச் சொன்ன பிறகுதான் அந்த வியாழனும் வெள்ளியும் ஞாபகத்துக்கு வந்தன. இதே அறை. இதே ஜன்னல் ஓரத்தில் பரீட்சகருக்கு டீ வந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து அறுபத்தைந்து விநாடி என்று காட்டினார்கள். நான் வயிற்றை மேசையின் விளிம்பில் இடிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண் போட்டேன். அதற்காகத்தான் டாக்டரிடம் போகாமல் இருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அட்டெண்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நெஞ்சுக்குள் ஏதாவது உடையும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடையவில்லை. தண்ணீர் ஜில்லென்று இறங்கியது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சித்தூர்க்காரர். என்னிடம் எப்போதும் தெலுங்கில்தான் பேசுவார். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்துக்கம்மா இப்புடு இதெல்லாம்?" என்றார். எதற்கம்மா இப்போது இதெல்லாம் என்று கேட்டதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. மூன்று வருடத்து ரெக்கார்டுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் 0.62 இருக்கிறது, அதுதானே சரியான விடை, அப்புறம் என்ன பிரச்சினை என்றார்.

"விடை சரி சார். அந்த ஸ்கேல வச்சி அந்த விடை வராது" என்றேன்.

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "நீங்க இன்னும் ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்திருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அதற்கும் வருத்தம் வரவில்லை. ஸ்கேலை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். லேப் உங்கள் பொறுப்பு, உங்கள் இஷ்டம், பழைய ரெக்கார்டில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார்.

அன்று மதியமே ஸ்கேலை இறக்கினோம். அட்டெண்டர் ஸ்க்ரூவைக் கழற்றினார், நான் மட்டக் குழாயைப் பிடித்தேன். இரண்டு தடவை அளந்து பார்த்து, பென்சிலில் கோடு போட்டு, பிறகு ஸ்க்ரூவை முடுக்கினார். முடித்துவிட்டு, "இப்போ ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க மேடம்" என்றார். மோட்டாரைப் போட்டோம். 0.62 வந்தது. அவர் என்னைவிட அதிக நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பிள்ளைகள் முந்தைய வாரமே ஆரிஃபிஸ் முடித்து ரெக்கார்டு வைத்திருந்தார்கள். நாற்பது ரெக்கார்டு. முப்பத்திரண்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வியாழக்கிழமை லேபில் எல்லோரையும் நிற்க வைத்து, ஸ்கேலில் இருந்த தவறைச் சொன்னேன். பழைய தவறான இடத்தில் ஸ்கேல் இருந்தபோது அறுபத்தைந்து விநாடி வந்திருக்கவே முடியாது என்பதையும் சொன்னேன். யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கான சூடு எனக்குள் இல்லை.

பின்வரிசையில் நின்ற ஒரு பெண், புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், தெலுங்கில் கேட்டாள். "அப்போ எங்களோடதுல ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நியாயமான கேள்வி.

"பாக்காமப் போட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு முப்பத்திரண்டு ரெக்கார்டையும் வாங்கி, என் கையெழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். எல்லோரும் மறுபடி செய்தார்கள். இந்த முறை வாட்சைப் பார்த்து எழுதினார்கள். 0.61, 0.63, 0.60 என்று வந்தது. அந்தப் புத்தூர்ப் பெண்ணுக்கு 0.57 வந்தது. வாட்சை நிறுத்தத் தாமதமாகியிருக்கும். திருத்தட்டுமா மேடம் என்று கேட்டாள். வேண்டாம், ஏன் குறைந்தது என்று நீ நினைக்கிறாயோ அதைக் கீழே எழுது என்றேன். எழுதினாள். அதில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா நகரிக்குப் போனாள். தம்பிக்குக் காய்ச்சல். போகும்போது, "வேளா வேளைக்குத் துன்னுமா" என்று நாலு தடவை சொன்னாள். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவருக்கு நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டு டிவியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிரசவத்துக்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் பால் பாக்கெட், கேஸ், கரெண்டு பில் பற்றித்தான். அவர் என்னிடம் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு கேட்டேன்.

"அந்த ஃபைல எங்க வச்சிகிறீங்க?"

"எந்த ஃபைலு?"

"ஆஸ்பத்திரி ஃபைலு."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "இன்னாத்துக்கு இப்போ?"

"பாக்கணும்."

எழுந்து உள்ளே போனார். தன் பழைய யூனிஃபார்ம்களுக்கு அடியில் சூட்கேசில் வைத்திருந்தார் போலிருக்கிறது, எடுத்துவர நேரமானது. தரையில் உட்கார்ந்து பிரித்தேன். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை ஸ்கேன் தாள். அதன் கீழே டாக்டரின் கையெழுத்தில் வியாழக்கிழமை என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. நான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கக்கூடும் என்று ஒரு சின்ன இடம் மனதில் வைத்திருந்தேன். அது இல்லை என்றானது.

"வியாழக்கிழம வரச்சொன்னாங்க. நான் சனிக்கிழமதான் போனேன்" என்றேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்."

"பரீட்ச இருந்துச்சின்னு விட்டுட்டேன்."

அவர் கையிலிருந்த ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினார்.

"டாக்டரம்மா அன்னிக்கு என்னத் தனியா கூப்ட்டாங்க. கொயந்த தோலப் பாத்தா நாலு நாளு ஆயிருக்கும்போல கீதுன்னாங்க. செவ்வாக்கிழம, இல்லன்னா புதன்கிழமயே போயிருக்கும். வியாழக்கிழம வந்திருந்தாலும் இதான் சொல்லியிருப்பேன்னாங்க."

ஃபைலின் கயிறு என் விரலில் சுற்றியிருந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. நீ அத நெனச்சிகினு இருக்கேன்னு எனக்கு எப்டித் தெரியும்? நீதான் பேசவே இல்லியே." மூடி அவர் கையிலிருந்து கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "தோலப் பத்தி உங்கிட்ட எப்டிமா சொல்றது? நாந்தான் கையில வாங்கனேன்."

"வெள்ளிக்கிழம லேப்ல அசைஞ்சிச்சி" என்றேன். "எனக்குத் தெரிஞ்சிச்சி."

"நீதான் அன்னிக்கு நைட்டே சொன்னியே, அதயும் கேட்டேன். நீ எய்ந்து ஒக்கார்றப்போ உள்ள பொரண்டா, அசயற மாதிரிதான் இருக்கும்னாங்க."

வெள்ளிக்கிழமை அசைந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைத்தான் கடைசி அசைவு என்று வைத்திருந்தேன். டாக்டர் சொன்னது உண்மையாக இருக்கலாம். வெளியே நின்றிருந்த மனுஷனைத் தேற்றச் சொன்னதாகவும் இருக்கலாம். இதைச் சரிபார்க்க எனக்கு எந்த வழியும் இல்லை. ஐந்து வாரத்துக்கும் மேலாகச் சுமந்திருந்த ஒன்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டதுபோல் லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. முதுகு வலித்தது. வெகுநேரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"மொகம் முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"யார் மாதிரி இருந்துச்சி?"

"உங்க நைனா மாதிரி. நெத்தி அப்டியே அவரு நெத்தி."

என் அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அவர் நெற்றி அகலமானது. முடி நிறைய இருந்ததால் அன்று நான் நெற்றியைக் கவனிக்கவில்லை. என் கணவர் கவனித்திருக்கிறார். அவர் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது. மேலே போர்வை இருந்தது. சமையலறையில் அவர் காப்பி போடும் சத்தம் கேட்டது.

ஆய்வுக் குழு வந்தது, போனது. இந்த வருட ரெக்கார்டில் ஏன் இவ்வளவு அடித்தல் என்று ஒருவர் கேட்டாராம். கருவியைச் சரிசெய்தோம் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாராம். அட்டெண்டர் அதை வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருடம் குப்பத்திலிருந்து ஒரு பெண் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவாள். முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க மேடம்?"

மேசையைச் சுற்றி இருந்தவர்களின் கைகள் நின்றன. யாரோ அவசரமாக வேறு பேச்சை எடுக்கப் பார்த்தார்கள்.

"ஒரு பொண்ணு" என்றேன். "பொறக்கும்போதே உயிர் இல்ல."

அந்தப் பெண் திறந்த மூடியைக் கையில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்தது. ஆனால் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"பேரு வச்சிருந்தீங்களா?"

"இல்ல. அன்னிக்கு யாருக்கும் தோணல."

அவள் மெல்லத் தலையாட்டினாள். பிறகு தன் டப்பாவில் இருந்த புளியோதரையில் பாதியை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தாள். சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. எங்கே வாங்கின புளி என்று கேட்டேன், வீட்டு மரத்துப் புளி என்றாள். மற்றவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு மணிக்கு எனக்கு மூன்றாம் வருட வகுப்பு இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.